முழங்கையில் ஒரு தையல்

"அண்ணன் இன்னிக்கு மதியம் வர்றான்மா" என்று சின்னவள் சொன்ன இடத்தில், கையில் கரண்டியோடு எம்பிராய்டரி அக்காவைச் சமையலறை வாசலில் நிறுத்திவிட்டு, போன வாரம் நாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவள் அப்படியேவா நின்றுகொண்டிருப்பாள்? மகள் வகுப்புக்குக் கிளம்பி வாசல் கேட்டைச் சாத்திய சத்தம் கேட்டதும், கரண்டியைப் போட்டுவிட்டு நேராகப் போய் மகளுடைய அலமாரியைத் திறந்தாள்.

அடித்தட்டில், பழைய பள்ளிக்கூடப் பைக்குக் கீழே, பெரியவனின் நீல ஜாக்கெட் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டை விட்டுப் போனபோது அவன் விட்டுப்போனது. தங்கை அதை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறாள் என்பது அக்காவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள், அவ்வளவுதான். அந்த வீட்டில் பல விஷயங்கள் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

பெரியவன் போய் ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. எல்லாம் அந்த வீடியோ கேமால் வந்த வினை என்று அப்பா நினைத்தார். அப்பாவால் வந்த வினை என்று மகன் நினைத்தான். அப்பா எலெக்ட்ரீஷியன். கோபம் வந்தால் மற்ற அப்பாக்களைப் போலக் கத்த மாட்டார். மகனுடைய அறைக்கு மட்டும் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். நாள் முழுக்க அந்த அறையில் ஃபேன்கூடச் சுற்றாது. பெரியவன் வியர்த்து வழிந்துகொண்டு, அணைந்த டிவியை முறைத்தபடி உட்கார்ந்திருப்பான்.

ஒரு நாள் ஃபியூஸைக் கழற்றப் போனவரை அவன் மறித்தான். பேச்சு வளர்ந்தது. மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். அப்புறம் தங்கைக்கு அடிக்கடி ஃபோன் வரும். அம்மாவிடம் "சாப்ட்டியாம்மா?" என்பதோடு சரி. அப்பாவுக்கு அதுவும் கிடையாது.

அன்றைக்கு அந்தச் சண்டை நடந்தபோது அக்கா முன்னறையில் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைக்குச் சின்னம் போட்டுக்கொண்டிருந்தாள். "மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்றுதான் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள்.

கேட்டது. "அம்மா, நீயாவது சொல்லேன்மா!" என்று மகன் கூப்பிட்டது நன்றாகவே கேட்டது. எழுந்து போனால் யாராவது ஒருவர் பக்கம் பேச வேண்டி வரும். அந்தப் பயத்தில் மெஷினை நிறுத்தாமல் உட்கார்ந்துவிட்டாள். அதை நினைக்காமல் அவள் இன்றுவரை ஒரு ஊசியில்கூட நூல் கோத்ததில்லை.

விதி செய்கிற கேலியைப் பாருங்கள். இந்த வருஷக் கடைசி விடுமுறைக்கு அவளுக்கு வந்த ஆர்டர் பூராவும் வீடியோ கேம் டிசைன்தான்!

பூவும் மயிலும் போட்டுக்கொண்டிருந்தவளிடம், பல் டாக்டர் ஒருத்தி வந்து, "என் பையனுக்குக் கையால செஞ்ச பரிசு குடுக்கணும். கேம் சம்பந்தமா ஏதாவது போட முடியுமா?" என்று கேட்டாள். சின்னவள்தான் இணையத்தில் தேடி ஒரு டிசைன் தொகுப்பை வாங்கி பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். கட்டம் கட்டமான இதயம், தங்கக் காசு, முழிக்கிற குட்டிப் பேய், விண்கலம், நாலு வண்ணப் பொத்தான் வைத்த கன்ட்ரோலர். துண்டில் போட்டாள், தலையணை உறையில் போட்டாள், பென்சில் பையில் போட்டாள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி வந்து, புருஷன் தலையணையில் 'ஆட்டம் முடிந்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டு வாங்கிக்கொண்டு போனாள். அது பரிசா, எச்சரிக்கையா என்று அக்கா கேட்கவில்லை.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கன்ட்ரோலர் போட்டுக் கொடுத்தாயிற்று. தன் பிள்ளைக்கு ஒன்று போட வேண்டாமா? வாயால் சொல்ல வராததை நூலால் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

ஜாக்கெட்டை விரித்தாள். எங்கே போடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இடது முழங்கையில் ஒரு கிழிசல், மடக்கிய விரல் மாதிரி வளைந்து போயிருந்தது. அதை யாரோ தைத்திருந்தார்கள்.

தைத்திருந்தார்கள் என்றா சொல்வது? கட்டி வைத்திருந்தார்கள்! தடியான கறுப்பு நூல். தையல் ஒவ்வொன்றும் ஒரு நீளம். ஓரிடத்தில் துணி சுருங்கியிருந்தது, ஓரிடத்தில் வாயைப் பிளந்திருந்தது. முடிச்சைக்கூட உள்ளே தள்ளாமல் வெளிப்பக்கமே போட்டிருந்தது.

"கண்றாவி" என்றாள் அக்கா, ஆளில்லாத வீட்டில் சத்தமாகவே.

பெரியவன்தான் போட்டிருப்பான் என்று நினைத்தாள். பாவம், அம்மா மெஷினைவிட்டு எழுந்திருக்க மாட்டாள் என்று தானே ஊசியைக் கையில் எடுத்திருக்கிறான். தையல்காரி வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு தையலைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறானே.

பிரிக்கும்போது கட்டைவிரலில் நூல் வழுக்கியது. மெழுகு தடவின நூல். இது நம் பெட்டியில் இருக்கிற நூல் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. வீட்டிலிருக்கிற அத்தனை நூலும் அவளுக்கு முகம் தெரிந்த நூல். ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்தது. அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டாள்.

மேடும் பள்ளமுமான தையல் மேல் மெஷினை ஓட்டினால் ஊசி உடைந்துவிடும். அதனால் ஒரு இழை விடாமல் வெட்டி உருவி, காலடியில் இருந்த வெட்டு நூல் டப்பாவில் போட்டாள். ஜாக்கெட் கையின் பக்கத் தையலைத் திறந்து, துணியைத் தட்டையாக்கி, கிழிசலுக்குப் பின்னால் கெட்டிப் பேப்பர் வைத்து ஃபிரேமில் இறுக்கினாள். மெஷின் ஓட ஆரம்பித்தது. சாம்பல் நிறத்தில் கன்ட்ரோலரின் உடம்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலமாகப் பொத்தான்கள், பக்கத்தில் ஒரு குட்டி இதயம். கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை.

தன் வேலையைப் பார்த்துத் தானே பூரித்துப்போனாள். மறுபடி கையை மூடித் தைத்து, இஸ்திரி போட்டு, கோடு போட்ட வண்ணத் தாளில் சுற்றி, ஒரு ரிப்பனும் கட்டினாள்.

*

சின்னவள் வகுப்பிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் வந்தபோது அக்கா பல் டாக்டரின் துண்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் பட்டென்று மெஷினை நிறுத்தினாள். பாதி மஞ்சளில் நின்றது துண்டிலிருந்த தங்கக் காசு. இந்தத் தடவை நிறுத்திவிட்டேன் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பெரியவன் இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான். தாடி அவனுக்குப் பொருந்தவில்லை. அதைச் சொல்லவில்லை.

"என்னடா இப்படி எலும்பும் தோலுமா வந்து நிக்கறே?"

"நீதான்மா இளைச்சுட்டே."

"நான் எங்கடா இளைச்சேன்? உன் தங்கச்சியைக் கேளு, மாசா மாசம் ரவிக்கையைப் பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சுக்கறேன்."

சின்னவள் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரியே இருந்தது.

"வேலை எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான்மா. புதுசா வர்ற கேமை விளையாடிப் பாத்து எங்க தப்பு இருக்குன்னு சொல்லணும்."

"தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளமா? உங்கப்பாவுக்கு இது தெரியாமப் போச்சே!"

அப்பா என்ற பேச்சு வந்ததும் அவன் முகம் மாறியது. கோபம் இல்லை, வேறு என்னவோ. "அப்பா சாப்பாட்டுக்கு வருவாராம்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வருவார். உக்காரு."

"வேற ஊருக்கு மாத்திட்டாங்கம்மா. ரொம்ப தூரம். சாயங்காலம் ரயில். போனா சட்டுனு வர முடியாது." அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அதுக்கு முன்னாடி அவரை ஒரு தடவை பாத்துட்டுப் போகணும்."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் எந்தச் சாமியும் காது கொடுக்காத வேண்டுதல், தானாக நடந்து வீட்டுக்குள் வந்து நிற்கிறது.

அவன் முகம் கழுவப் போனான். அந்த இடைவெளியில் சும்மா இருந்திருக்கலாம். மதியம் துண்டை வாங்க ஆள் வருமே என்று, கை தன்பாட்டுக்குப் போய் மெஷினை மறுபடி ஓட்டிவிட்டது. பழகின கை அது.

"டேய் குட்டி" என்று தங்கையைக் கூப்பிட்டபடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான் பெரியவன். "என் நீல ஜாக்கெட் உன்கிட்ட இருக்கில்ல?"

"என் அலமாரியில இருக்குண்ணா. எடுத்துட்டு வரேன்."

"அங்க இல்லடி. இங்க இருக்கு!" அக்கா வண்ணத் தாள் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். "பிரிச்சுப் பாரு. விடுமுறைப் பரிசு."

அவன் ரிப்பனை இழுத்தான். தாளை விலக்கினான். முதலில் கண்ணில் பட்டது கன்ட்ரோலர்தான். "அட!" என்று வாய்விட்டுச் சிரித்தான். "அம்மா, நீயா போட்டே? பொத்தானெல்லாம் கரெக்டா இருக்கே!"

அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் காலையிலிருந்து பட்ட பாடு. நன்றாகப் பார்த்துக்கொண்டாள். நல்லவேளை பார்த்துக்கொண்டாள்.

அவன் ஜாக்கெட்டின் கையைத் திருப்பினான். எந்தக் கை, எந்த இடம் என்று கவனித்தான். கட்டைவிரலால் முழங்கையைத் தடவினான். சிரிப்பு நின்றுவிட்டது.

"இங்க ஒரு தையல் இருந்துச்சேம்மா."

"அதுவா? அந்தக் கோரத்தை ஏன்டா கேக்கறே! பிரிச்சு எறிஞ்சுட்டுத்தான் இதைப் போட்டேன். ஏன்டா, கிழிஞ்சா என்கிட்ட குடுக்க மாட்டியா? நீயே உக்காந்து..."

"நான் போடலம்மா."

"பின்ன யாரு போட்டா?"

"அப்பா."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு என் கையைப் பிடிச்சு இழுத்தப்போ கிழிஞ்சுது" என்றான் பெரியவன். "காலையில எழுந்து பாத்தா ஜாக்கெட் என் ரூம் கதவுல தொங்குது. தெச்சிருக்கு. அந்த மெழுகு நூல் அவர் பையிலதான் இருக்கும், ஒயரைச் சேத்துக் கட்டுவாரே, அது."

சின்னவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அக்கா ஜாக்கெட்டின் முழங்கையையே பார்த்தாள்.

எத்தனை வருஷம் அந்த மனுஷனோடு குடித்தனம்! மன்னிச்சுடு என்ற வார்த்தை அவர் வாயில் வந்து அவள் கேட்டதில்லை. அந்த மனுஷன், மின்சார ஒயரைத் தவிர வேறொன்றும் முறுக்கத் தெரியாத விரலை வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து ஊசி பிடித்திருக்கிறார். அதைத்தான் அவள் கண்றாவி என்றாள். நூலைப் பார்த்தவள் கையைப் பார்க்கவில்லை.

"அப்போ எனக்கு ரோஷம்மா" என்றான் அவன். "வேணும்னே விட்டுட்டுப் போனேன். அவர் தெச்சா நான் போட்டுக்கணுமான்னு. அங்க போயி தனியா இருக்கறப்போ அதையேதான் நினைச்சுப்பேன். அந்தத் தையலால அவர் கேட்டதுக்கு நான் பதிலே சொல்லலையேன்னு. இன்னிக்கு அவர் வர்றப்போ இதைப் போட்டுக்கிட்டு முன்னால நிக்கணும்னுதான் வந்தேன். எனக்கும் பேச வராது, அவருக்கும் வராது. பாத்தாப் புரிஞ்சிருக்கும்."

அக்கா காலடியில் இருந்த டப்பாவைக் கவிழ்த்தாள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நூல் குப்பை கொட்டியது. முட்டி போட்டு அதில் தேடினாள். கறுப்பு மெழுகு நூல் கிடைத்தது. துண்டு துண்டாகக் கிடைத்தது. ஒழுங்காக வேலை பார்க்கிறவள் அல்லவா, ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக வெட்டியிருந்தாள்.

"விடும்மா" என்று பெரியவன் குனிந்து அவள் தோளைப் பிடித்தான். "நீ ஆசையாத்தானே பண்ணே. விடு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

*

எலெக்ட்ரீஷியன் உள்ளே வந்தார். தோளில் பை, பையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர். தரையில் முட்டி போட்டிருக்கும் பெண்டாட்டியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கண் ஒரு நொடி விரிந்தது. பையைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டார்.

"எப்ப வந்தே?"

"இப்பதாம்பா."

"ம்."

இரண்டு வருஷத்துக்கு அது பெரிய பேச்சு. இன்னும் நாலு வார்த்தை வந்திருந்தால் எல்லாம் திரும்பியிருக்கும். ஆனால் அவர் பார்வை மகன் கையிலிருந்த நீல ஜாக்கெட்டில் விழுந்தது. அடையாளம் தெரிந்துகொண்டு, அவர் கண் தானாக இடது முழங்கையைத் தேடிப் போயிற்று.

அவர் தைத்த இடத்தில் ஒரு கன்ட்ரோலர் உட்கார்ந்திருந்தது. எந்தக் கன்ட்ரோலரால் சண்டை வந்ததோ அதே சாமான், நாலு வண்ணத்தில், பளபளவென்று.

அவர் முகம் அப்படியே மூடிக்கொண்டது.

"நல்லா இருக்கு" என்றார். "பொருத்தமாத்தான் இருக்கு."

"அப்பா, அது..."

அக்கா எழுந்தாள். 'நான்தாங்க பிரிச்சேன், அவனுக்குத் தெரியாது' என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் இருந்தது.

பீ... பீ... பீ... என்று மெஷின் கூவியது. மஞ்சள் நூல் தீர்ந்துவிட்டது.

அவள் திரும்பினாள். யோசித்துத் திரும்பவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறவள், தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுகிறவள். போய்ப் பொத்தானை அழுத்தி, கூவலை நிறுத்தி, அவள் திரும்பிப் பார்த்தபோது அறையில் அவர் இல்லை. கொல்லைப்புறத்தில் குழாய் முழுவேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பெரியவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

"சாப்ட்டுட்டுப் போடா..."

"ஸ்டேஷன்ல பாத்துக்கறேம்மா. கொஞ்சம் சாமான் வேற வாங்கணும்."

"ஜாக்கெட்டு?"

அவன் அதை மடித்து மெஷின் மேல் வைத்தான். நல்ல பிள்ளை, மடிப்புக் கலையாமல் வைத்தான். "இங்கயே இருக்கட்டும்மா" என்றான்.

சின்னவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணனின் பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள்.

*

எலெக்ட்ரீஷியன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டிருந்தாரே தவிர ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. அக்கா எதிரில் போய் உட்கார்ந்தாள். அவன் இருந்தபோது வராத பேச்சு, அவன் போன பிறகு தடையில்லாமல் வந்தது.

"நான்தாங்க பிரிச்சேன்."

"எதை?"

"நீங்க போட்ட தையலை. அவன் போட்டதுன்னு நினைச்சேன். அவனைக் கேக்காமப் பண்ணிட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவன் அந்தத் தையலைத் தேடிக்கிட்டுத்தான் வந்தான். அதைப் போட்டுக்கிட்டு உங்க முன்னால நிக்கணும்னு வந்தான்."

அவர் கை நின்றது. "அவன் சொன்னானா?"

"சொன்னான்."

அவர் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றாள் அக்கா.

"என்னன்னு சொல்றது? பையன் சட்டையைக் கிழிச்சுட்டேன், தெச்சுக் குடுன்னா?" அவர் எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "அப்பவும் நீ மெஷின்லதானே இருந்தே."

குத்திக்காட்டவில்லை. அவர் பாட்டுக்குச் சொன்னார். அதுதான் அவளுக்கு வலித்தது. கேட்கவில்லை என்று ஊரை ஏமாற்றியவள், இந்த ஒரு ஆளை ஏமாற்றவில்லை என்று இப்போது புரிந்தது. இத்தனை நாள் தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

முன்னறைக்குப் போய் ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். போடுவது சுலபம், மெஷின் போட்டுவிடும். பிரிப்பது கையால்தான். உள்பக்கம் திருப்பி, அடிநூலைப் பிளேடு முனையால் கீறிக் கீறி, மேல்நூலை உருவினாள். நீலப் பொத்தான் போயிற்று, பச்சை போயிற்று, இதயம் போயிற்று. காலையில் பார்த்துப் பார்த்துப் பூரித்ததையெல்லாம் தன் கையாலேயே பிடுங்கி எடுத்தாள். கண்ணில் நீர் முட்டியது, துணியில் விழாமல் துடைத்துக்கொண்டாள். பின்தாளைக் கிழித்ததும் பழைய கிழிசல் மறுபடி வாயைத் திறந்தது. சுற்றிலும் ஊசி குத்தின பொட்டுப் பொட்டான ஓட்டைகள். அது இனி எந்தக் காலத்திலும் போகாது.

அவர் வாசற்படியில் வந்து நின்றது தெரிந்தது. கிழிசலைப் பார்க்கிறார் என்பதும் தெரிந்தது.

'நீங்களே மறுபடி தெச்சுக் குடுங்களேன்' என்று கேட்க வாயெடுத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த முதல் தையல் யாரும் சொல்லிப் போட்டதில்லை. இவள் சொல்லி அவர் போட்டால் அது வெறும் தையல். அதற்கு மெஷினே போதும்.

ஊசிப் பெட்டியை மெஷின் ஓரத்தில் வைத்தாள். மூடி லேசாகத் திறந்திருக்கும்படி வைத்தாள். பக்கத்தில் ஜாக்கெட்டைப் போட்டாள், முழங்கை மேலே தெரிகிற மாதிரி. பல் டாக்டரின் துண்டில் மிச்சமிருந்த காசுக்கு நூல் கோத்து மெஷினை ஓடவிட்டாள். சத்தம் இருந்தால் அந்த மனுஷனுக்குக் கூச்சம் இருக்காது. பிறகு சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துப் போட்டு டமடமவென்று தேய்த்தாள்.

தேய்த்துக்கொண்டே நினைத்தாள். எடுப்பாரா? எடுக்க மாட்டார். எடுத்தாலும் மெஷின் முன்னால் உட்கார்ந்து தைக்கிற ஆளா அவர்? அவன் ரயிலில் போய்விடுவான். இனி எப்போது வருவானோ? வந்தாலும் விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, தன்னிடம் ஒரு குரல்தான் கேட்டார்கள். அதைக் கொடுக்காமல் இருந்துவிட்டாளே.

வெளியே வண்டி உதைக்கிற சத்தம் கேட்டது.

ஈரக் கையோடு முன்னறைக்கு வந்தாள். ஜாக்கெட் இல்லை. ஊசிப் பெட்டி முழுதாகத் திறந்து கிடந்தது. அவருடைய வேலைப் பையின் ஜிப் பாதி இழுத்தபடி இருந்தது, உள்ளே மெழுகு நூல் கண்டு இருக்கிற இடம் காலி.

போகிறார்! ஸ்டேஷனுக்குப் போகிறார். பிள்ளை முன்னாலேயே உட்கார்ந்து தைக்கப் போகிறாரோ என்னவோ.

அப்போதுதான் மெஷின் மேல் கிடந்ததைப் பார்த்தாள். அவருடைய வெள்ளெழுத்துக் கண்ணாடி. ஊசியைத் தேடி எடுக்கப் போட்டவர் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது இல்லாமல் ஊசிக் காது எங்கே தெரியப் போகிறது அந்த மனுஷனுக்கு? யாரிடமாவது நூல் கோத்துத் தரச் சொல்லிக் கேட்கிற ஆளா அவர்?

கண்ணாடியைப் பறித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "ஏங்க! என்னங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வண்டி முனை திரும்பிவிட்டது.

பீ... பீ... பீ... என்று உள்ளே மெஷின் கூவ ஆரம்பித்தது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல், கண்ணாடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வண்டி போன திசையில் நடக்க ஆரம்பித்தாள்.